சுடாமல் சுடும் லீவர்

துப்பாக்கி உதைக்கிறது என்று ஒருமுறை நான் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தேன். நான்கு பக்கப் புகார், மூன்று இணைப்புகள். அது காற்றழுத்தத்தில் சுடும் விளையாட்டு ரைஃபிள். சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் ஒரு சத்தம் வருமே, அதைவிடக் கொஞ்சம் மரியாதையான சத்தம்தான் அதற்கு. வெடிமருந்து கிடையாது, புகை கிடையாது, தோளில் இடிக்கிற வேலையும் கிடையாது. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் காகிதத்தில் உளுந்து அளவுக்கு ஓட்டை போடும், அவ்வளவுதான். அதுதான் என்னை உதைத்தது என்று எழுதினேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

நான் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லாவிட்டால் பறிமுதல் செய்வதும் என் உத்தியோகம். இருபத்து நான்கு வருடங்களாக நீல வெல்வெட் விரித்த ஒரு மரப்பெட்டியில் பித்தளைக் கற்களைச் சுமந்துகொண்டு அலைகிறேன். இந்த வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. மனிதனைக் குற்றம் சொல்ல வேண்டியதே இல்லை, கருவியைச் சொன்னால் போதும். "உங்க தராசு இருபது கிராம் அடிக்குது" என்றால், கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமா சார், கொஞ்ச நாளாவே அது சரியில்ல" என்பார். இரண்டு பேருமாகப் பழியைத் தராசின் தலையில் கட்டிவிட்டு நல்லவர்களாகப் பிரிந்துபோவோம்.

இந்தப் பழக்கம் மெல்ல வீட்டுக்கும் வந்துவிட்டது. சட்டை வயிற்றில் இறுக்கினால் சலவை சரியில்லை. பஸ்ஸைத் தவறவிட்டால் கடிகாரம் சரியில்லை. மாடி ஏறி மூச்சு வாங்கினால், கட்டியவன் படியை உயரமாகக் கட்டிவிட்டான்.

ரைஃபிள் கிளப்புக்கு நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் வாய். மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், சட்டைப் பையிலிருந்து ஒரு காகித டார்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தான். பத்துக் குண்டுகள். நடுவில் பத்தும் சேர்ந்து ஒரே ஓட்டையாகிவிட்டிருந்தன. என் மனைவி அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பத்துமா இதுக்குள்ள போச்சு?" என்று கேட்டாள். என் எடைக்கற்களைப் பார்த்து அவள் ஒரு நாளும் அந்தக் குரலில் எதுவும் கேட்டதில்லை.

"இதுல என்னப்பா இருக்கு? ஆடாம அசையாம நிக்கணும், அவ்வளவுதானே?" என்றேன்.

"அவ்வளவேதான் அத்தான்," என்றான் மச்சினன், மிகவும் பணிவாக. "சனிக்கிழமை வந்து நின்னு பாருங்களேன்."

தவளை தன் வாயால் கெடும். சனிக்கிழமை போய் நின்றேன்.

பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது கிளப். நீளமான ஹால், எட்டு தடங்கள், எதிர்ச்சுவரில் விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகக் காகித அட்டைகள். அட்டையின் நடுப்புள்ளி ஒரு வாக்கியத்தின் முடிவில் வைக்கிற முற்றுப்புள்ளி அளவுதான். விறைத்த கான்வாஸ் சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். பக்கிள்களை இழுத்துக் கட்டியதும் சுருட்டிய மெத்தை மாதிரி ஆகிவிட்டேன். நான் நின்றேன் என்று சொல்வது தவறு, நிறுத்தி வைக்கப்பட்டேன்.

மச்சினன் ரைஃபிளின் பாகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். காற்று சிலிண்டர், பேரல், குண்டு போடும் இடம், ட்ரிகர். கடைசியில், குண்டு போடும் இடத்துக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு லீவரைத் தொட்டான்.

"இது டிரை-ஃபயர் லீவர். இதத் திருப்பி வெச்சுட்டா ட்ரிகர் எப்பவும் போல வேலை செய்யும், 'டிக்'குன்னு ஒரு சத்தம் வரும். ஆனா காத்து வராது, குண்டு போகாது. சும்மா பழகறதுக்கு."

"சுடாத துப்பாக்கில என்னத்தப் பழகறது? எடை காட்டாத தராசு மாதிரி," என்றேன். பக்கத்துத் தடத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நகைச்சுவை உணர்வுள்ளவன் என்ற பெயர் முதல் நாளே கிடைத்துவிட்டது. கூடவே 'தராசு' என்ற பட்டப்பெயரும். பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அந்த நகைச்சுவையை நான்கு மாதத்தில் முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். லீவரை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

என் குண்டுகள் எங்கெங்கேயோ போயின. முற்றுப்புள்ளிக்கு மேலே, கீழே, அட்டையின் மூலையில், ஒருநாள் பக்கத்துத் தடத்துக்காரரின் அட்டையில். அவருக்குப் பதினோரு ஓட்டைகள், எனக்கு ஒன்பது. எண்ணிப் பார்த்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளுடைய கூடப்பிறந்தவன். கூடத்தை அளக்க நாடாவோடு புறப்பட்டேன்.

கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்க ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவார்கள். என் வயதுதான் இருக்கும். முன்பு தையல் மெஷின் ரிப்பேர் செய்தவர். மாடிப்படிக்கு அடியில் அவருடைய அறை. கம்பளித் துணி விரித்த மேஜை, ஸ்க்ரூக்கள் ஒட்டிக்கிடக்கும் காந்தத் தட்டு, தலை இடிக்கிற சாய்வான கூரை. வேலை செய்யும்போது இரண்டு ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொண்டிருப்பார். அதனால் அவர் அதிகம் பேசமாட்டார் என்று நினைத்தேன். பேச விரும்பாததால்தான் கவ்விக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

முதல் மாதம், குறிபார்க்கும் சைட் கோணலாக இருக்கிறது என்றேன். சரிபார்த்துக் கொடுத்தார். இரண்டாம் மாதம், ட்ரிகர் கடினம் என்றேன். இளக்கிக் கொடுத்தார். இப்போது ரொம்ப இளகிவிட்டது என்றேன். இறுக்கிக் கொடுத்தார். குண்டு டப்பாவை மாற்றச் சொன்னேன். பேரலைத் துடைக்கச் சொன்னேன். ஹாலில் காற்று வீசுகிறது என்றேன். ஜன்னலே இல்லாத ஹால் அது. நான்காவது மாதம்தான் நான் அந்தப் பெரிய உண்மையைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு முறை சுடும்போதும் ரைஃபிளின் முனை வெடுக்கென்று துள்ளியது. அதாவது, துப்பாக்கி உதைத்தது.

ஸ்பேனர் உதட்டிலிருந்து ஸ்க்ரூக்களை எடுத்துத் தட்டில் வைத்தார். "காத்துத் துப்பாக்கி உதைக்காது சார்."

"என் தோளு பொய் சொல்லுதா?"

"லீவரப் போட்டுக் கொஞ்ச நாள் பழகிப் பாருங்க சார்."

"எடை காட்டாத தராசு," என்றேன். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஸ்க்ரூக்களை மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து புகாரை எழுதினேன். எனக்கு எழுத வரும், அதுதான் கேடு. 'மேற்படி கருவி சுடும் தருணத்தில் இயல்புக்கு மாறான அதிர்வை வெளிப்படுத்துவதாலும், பராமரிப்பாளரிடம் பலமுறை வாய்மொழியாக எடுத்துரைத்தும் உரிய நடவடிக்கை எடுக்கப்படாததாலும்' என்று ஆரம்பித்தால் நான்கு பக்கம் தானாக ஓடியது. இணைப்பு ஒன்று, நான் சுட்ட அட்டைகள். இணைப்பு இரண்டு, தேதிவாரியாகக் குறைபாடுகளின் பட்டியல். இணைப்பு மூன்று, தோளின் புகைப்படம். தோளில் ஒன்றும் இல்லை. 'வெளிக்காயம் தென்படாவிடினும்' என்று அடியில் ஒரு குறிப்பும் போட்டேன்.

அரசாங்க பாணியில் எழுதினால் படிப்பவர்களுக்கு ஒரு பயம் வந்துவிடும். கமிட்டி மிரண்டுபோயிற்று. யாருக்காவது அடிபட்டால் யார் பதில் சொல்வது? விசாரித்து முடிக்கும்வரை பழுதுபார்க்கும் அறையைப் பூட்டுவது என்று முடிவு செய்தார்கள். ஸ்பேனரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, அழைக்கும்வரை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பறிமுதல் செய்யும்போது கடைக்காரர்கள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதில் எனக்குப் பல வருடப் பயிற்சி.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. கிளப் தலைவி ஓய்வு பெற்ற மயக்க மருந்து டாக்டர். வாழ்நாள் முழுக்க ஆட்களைத் தூங்கவைத்த பழக்கமோ என்னவோ, மிக மெதுவாகப் பேசுவார். கமிட்டிக்காரர்கள் நான்கு பேர். சனிக்கிழமை காலை என்பதால் உறுப்பினர்கள் ஒரு பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். மச்சினன் ஓரமாக நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஸ்பேனர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். முதலில் ரைஃபிளை மேஜையில் இரும்புப் பிடியில் இறுக்கி, பத்துக் குண்டு சுட்டுக் காட்டினார். பத்தும் ஒரே ஓட்டை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

நான் சிரித்தேன். "இரும்புப் பிடில மாட்டினா எந்தத் துப்பாக்கியும் சாதுவாத்தாங்க இருக்கும். மனுஷன் கையில குடுத்துப் பாக்கணும்."

"நானும் அதையேதான் சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் ஸ்பேனர். "சார் சுடட்டும். நின்ன நிலைய மாத்த வேணாம், நானே லோடு பண்ணிக் குடுக்கறேன்."

வாதியே வலியப்போய்க் கூண்டில் ஏறிய வழக்கு அது. கான்வாஸ் சட்டையை மாட்டினேன், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டேன். அந்தச் சத்தத்துக்குக் கிளப்பில் வேறு யாரும் பஞ்சு வைப்பதில்லை. அப்போதாவது எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும்.

முதல் குண்டு ஏழாவது வளையம். இரண்டாவது, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் அவர் பக்கத்தில் வந்து, குண்டைப் போட்டு மூடி, ஒதுங்கி நின்றார். மூன்றாவது முறையும் அப்படியே வந்தார், போட்டார், மூடினார், ஒதுங்கினார். நான் மூச்சை இழுத்துப் பாதி விட்டு, புள்ளியைச் சைட்டுக்குள் கொண்டுவந்து, மெல்ல ட்ரிகரை அழுத்தினேன். ரைஃபிள் வெடுக்கென்று துள்ளியது. இதுவரை துள்ளியதிலேயே பெரிய துள்ளல். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அவ்வளவு சாட்சிகள்! ரைஃபிளை இறக்கிவிட்டுத் திரும்பி, வெற்றிக் குரலில் சொன்னேன்:

"பாத்தீங்களா? எப்படி உதைக்குதுன்னு இப்பவாவது பாத்தீங்களா?"

யாரும் பேசவில்லை. பஞ்சால் காது கேட்கவில்லையோ என்று ஒரு பக்கத்தை எடுத்தேன். அப்போதும் யாரும் பேசவில்லை.

டாக்டரம்மாதான் மெதுவாகக் கேட்டார். "எது உதைச்சுது?"

"துப்பாக்கிதாங்க."

"அது இன்னும் சுடவே இல்லையே."

எதிரே பார்த்தேன். அட்டையில் இரண்டே ஓட்டைகள். ஸ்பேனர் பக்கத்தில் வந்து, அந்த நகம் அளவு லீவரைத் தொட்டுக் காட்டினார். அது திருப்பி வைக்கப்பட்டிருந்தது. "குண்டு உள்ளதான் சார் இருக்கு," என்றார். லீவரைப் பழைய நிலைக்குத் தள்ளி, ரைஃபிளைத் தயார்செய்து மச்சினனிடம் நீட்டினார். அவன் வாங்கி, கான்வாஸ் சட்டைகூட மாட்டாமல் நின்றபடியே, நான் சுட்டுவிட்டதாக நினைத்த அந்த அவமானக் குண்டைக் கொண்டுபோய் நடுவளையத்தில் வைத்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் ஆய்வாளன் ஆயிற்றே. "ஒருதடவ நடந்தத வெச்சு முடிவு பண்ணக்கூடாது," என்றேன். ஸ்பேனர் தாராளமாக ஒத்துக்கொண்டார். இன்னும் ஏழு முறை கொடுத்தார். எதில் காற்று வரும், எதில் வெறும் 'டிக்' வரும் என்று எனக்குத் தெரியாது. இப்போது லீவரின் விஷயம் தெரிந்துதான் நின்றேன். தெரிந்தும் துள்ளினேன். ஏழுக்கு ஏழு. சத்தம் வரும் என்று நினைத்த கணத்தில் கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கி, துப்பாக்கியைப் பிடித்துத் தள்ளியது நான்தான். காற்று வந்தாலும் தள்ளினேன், வராவிட்டாலும் தள்ளினேன். சுடும்போதெல்லாம் அந்தச் சின்னச் சத்தமும் என் துள்ளலும் ஒரே நொடியில் நடந்ததால் எது எதனால் என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் இருந்தது. சத்தத்தை மட்டும் உருவி எடுத்ததும், மிச்சம் நான் தனியாக மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாவது முறைக்குப் பிறகு சிரிப்பை அடக்க ஒருவர் வெளியே ஓடினார். ஏழாவது முறை டாக்டரம்மாவே கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "மயக்கம் குடுக்க ஊசிய எடுத்தாலே சில பேரு 'ஐயோ'ன்னு கத்துவாங்க. ஊசி இன்னும் தட்டுல இருக்கும்," என்றார், ஆறுதல் சொல்வது போல.

ஸ்பேனர் சிரிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி சோபாவில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திரையைக் கவிழ்த்து வைத்தாள்.

"உன் தம்பி போன் பண்ணிட்டானா?"

"போன் எதுக்குங்க? வீடியோவே அனுப்பிட்டான்."

"எத்தன தடவ பாத்த?"

"நாலுதான்." பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோபாவிலேயே சரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. வீடியோவை நிறுத்தி, கண்ணை இறுக மூடிய என் முகத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள்.

"இந்த மூஞ்சி எனக்குத் தெரியுங்க," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் ஏதாவது கேக்கலாம்னு வாயத் தொறந்தா உங்க மூஞ்சி இப்படித்தான் போகும். கேக்கறதுக்கு முன்னாடியே. இருபத்தோரு வருஷமாப் பாக்கறேன். 'ஏங்க'ம்பேன். உடனே கண்ணு இடுங்கிரும். நான் கேக்க வந்தது, சாயங்காலம் எத்தன மணிக்கு வருவீங்கன்னுதான் இருக்கும்." செல்போனைக் கீழே வைத்தாள். "என்னப் பாத்தா பயம் போலன்னு நெனச்சுக்குவேன். அப்பறம் அப்பறம் கேக்கறதையே கொறச்சுட்டேன்."

இந்த முறை குற்றம் சொல்ல எந்தக் கருவியும் கைக்குக் கிடைக்கவில்லை. "உன்ன பாத்தெல்லாம் இல்ல," என்றேன். "எல்லாத்துக்கும் அப்படித்தான் போல." ஆபீசில் மேலதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தத்துக்கே நான் எழுந்து நின்றுவிடுவேன் என்பதை அவளிடம் சொன்னேன். அவர் எழுந்து பெரும்பாலும் பாத்ரூமுக்குத்தான் போவார். அதற்கும் அவள் சிரித்தாள். ஆனால் இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு வேளையில், ஸ்பேனரின் அறைக்குப் போனேன். ஏதோ ஒரு சின்ன ஸ்ப்ரிங்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. கூரை இடிக்காமல் குனிந்தே நின்றேன். மன்னிப்புக் கேட்க அதைவிடப் பொருத்தமான உயரம் அமையாது.

"தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க."

உதட்டில் ஸ்க்ரூ எதுவும் இல்லை. பேசினார்.

"ரெண்டு வாரம் வீட்டுல உக்காந்திருந்தேன் சார். ஏன் வேலைக்குப் போகலன்னு வீட்டுக்காரி கேட்டா. என்னன்னு சொல்லுவேன்? ஒருத்தர் கண்ண மூடிக்கிட்டு சுடறாரு, அதனால நான் வீட்டுல இருக்கேன்னா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டாவது மாசமே தெரியும். மூணு தடவ சொன்னேன், லீவரப் போட்டுப் பழகுங்கன்னு. நீங்க தராசுக் கதையச் சொல்லி ஊரையே சிரிக்க வெச்சீங்க. இருபது பேரு முன்னாடி நான் என்னத்தப் பேசறது?"

"இப்ப நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

ஸ்ப்ரிங்கைத் தட்டில் வைத்தார். யோசித்தது போலத் தெரியவில்லை; அந்த இரண்டு வாரமும் யோசித்து வைத்திருக்க வேண்டும். "வாயால சொன்னா பத்தாது சார். எழுதிக் குடுங்க. நோட்டீஸ் போர்டுல போடணும். குத்தம் சொன்னப்ப நாலு பக்கம் எழுதினீங்கல்ல? இதுவும் நாலு பக்கம் வேணும்."

"நாலு பக்கமா?"

"மூணு இணைப்போட."

எழுதினேன். மூன்று சாயங்காலங்கள் ஆயின. ஒருவரைக் குற்றம் சொல்லும்போது தானாக ஓடிய பேனா, என்னைச் சொல்லும்போது வரிக்கு வரி நின்றது. 'பொருள்: புகாரைத் திரும்பப் பெறுதல் – கருவியில் குறைபாடு ஏதுமில்லை – கையாள்பவரிடம் உள்ளது – தொடர்பாக' என்று தொடங்கினேன். ஒன்றரைப் பக்கத்தில் விஷயம் தீர்ந்துவிட்டது. மீதி இரண்டரைப் பக்கத்தை எதைப் போட்டு நிரப்புவது? வேறு வழியில்லாமல் அந்த லீவரைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். எழுதுவதற்காக அதைக் கிட்டத்தில் பார்க்கவேண்டி வந்தது. அவரிடமே போய்க் கேட்டேன். அவரும் ரைஃபிளைத் திறந்து காட்டினார். லீவரைத் திருப்பினால் உள்ளே ஒரு சின்னத் துண்டு நகர்ந்து வால்வைத் தட்டும் சுத்தியலின் வழியை மறிக்கிறது. ட்ரிகருக்கு அந்த விஷயமே தெரியாது. விரலுக்கும் தெரியாது. எத்தனை கிராம் அழுத்தத்துக்கு விழ வேண்டுமோ அத்தனையில் ட்ரிகர் விழும், எல்லாமே நிஜம், குண்டு போவதைத் தவிர. அந்தத் துண்டு ஒன்றரை கிராம். என் ஆபீஸ் தராசில் போட்டு நிறுத்தே எழுதினேன். இணைப்பு ஒன்று, அதன் படம். இணைப்பு இரண்டு, நான் துள்ளிய ஏழு முறைகளின் விவரம். இணைப்பு மூன்றுக்கு வீடியோவிலிருந்து அந்த முகத்தை எடுத்து ஒட்டினேன். மனைவிதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள்.

நோட்டீஸ் போர்டு முன்னால் ஒரு வாரம் கூட்டம் நின்றது. ஒரு விபரீதம் என்னவென்றால், அதைப் படித்துவிட்டுச் சிரித்த பலர் ஓசையில்லாமல் போய் லீவரைத் திருப்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஐந்து பேராவது துள்ளினார்கள். கமிட்டிக்காரர் ஒருவர், விசாரணையில் என்னைப் பார்த்து அதிகம் சிரித்தவர், என்னைவிட மோசமாகத் துள்ளினார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. வாரத்தில் நான்கு நாள், ஆபீஸ் முடிந்ததும் போய், லீவரைத் திருப்பி வைத்து, டிக், டிக், டிக். ஸ்பேனர் சொன்ன யோசனைப்படி பேரலின் முனையில் ஒரு நாணயத்தைப் படுக்க வைத்து அழுத்த வேண்டும். நாணயம் விழக்கூடாது. விழுந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமைகளில் மனைவியும் வந்தாள். நாணயத்தை வைப்பது அவள் வேலை. விழுந்ததைக் குனிந்து எடுப்பது என் வேலை. கான்வாஸ் சட்டையில் குனிவது என்பது மேஜை தன்னைத்தானே மடித்துக்கொள்வது போன்றது.

"சத்தமே வராதுன்னு தெரியுதுல்ல? அப்பறம் எதுக்குக் கண்ண மூடறீங்க?" என்று கேட்டாள்.

"மனசுக்குத் தெரியுது. கண்ணுக்குத் தெரியலயே."

"சரி, கண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க அமுக்குங்க."

ஆறாவது வாரம் நாணயம் ஒருமுறை விழாமல் நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எடுக்கப் பயமாக இருந்தது. பத்தாவது வாரத்தில், பத்துக்கு எட்டு நின்றது.

வருடாந்திரப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். மச்சினன் பக்கத்துத் தடம். மனைவி பின்னால் நாற்காலியில். மணி அடித்தது. முதல் குண்டைப் போட்டேன், மூச்சை விட்டேன், புள்ளி வந்தது, அழுத்தினேன். டிக்.

மூன்று மாதப் பழக்கத்தில் லீவரைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போட்டிக்கே நின்றிருக்கிறேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெட்கப்பட வேண்டிய இடம்தான். ஆனால் எனக்கு வெட்கம் வரவில்லை. அந்த 'டிக்'குக்குப் பிறகும் முற்றுப்புள்ளி சைட்டுக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தது. முனை நகரவில்லை, கண் மூடவில்லை. நான் நிஜம் என்று நம்பி அழுத்திய குண்டு அது. அதற்கே துள்ளவில்லை. அந்தச் சுடாத குண்டு பத்தாவது வளையத்தில்தான் போயிருக்கும் என்று சத்தியம் செய்வேன். சாட்சிக்குத்தான் ஓட்டை இல்லை.

லீவரைச் சரிசெய்துகொண்டு மீதியைச் சுட்டேன். முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டாவதாக வந்தேன். மச்சினன் மூன்றாவது. என் மனைவி என் அட்டைகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓட்டைகள் ஒன்றாகவில்லை, ஆனால் ஒரே தெருவில் குடியிருந்தன. "பரவாயில்லையே, எல்லாம் உங்க அட்டைலயே இருக்கே," என்றாள்.

ஸ்பேனர் படியடியில் காத்திருந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து அடக்கமான முகம் ஒன்றைத் தயார் செய்துகொண்டு போனேன்.

"சார், ஒரு உதவி. கமிட்டிக்கு ஒரு மனு எழுதித் தரணும். இந்த ரூம்ல வெளிச்சம் பத்தல. ரெண்டு வருஷமா ஒரு நல்ல லைட் கேக்கறேன், யாரும் காதுல போட்டுக்கல. உங்க எழுத்துன்னா பயப்படறாங்க."

இரண்டு பக்கம் போதும் என்றார். நான் நான்கு பக்கம் எழுதினேன். 'நுண்ணிய பாகங்களைக் கையாளும் பணியிடத்தில் போதிய ஒளியின்மையால்' என்று ஆரம்பித்ததுமே விளக்குக்கு அனுமதி கிடைத்திருக்கும். அடுத்த வாரமே வந்துவிட்டது, வளையும் கழுத்துள்ள பெரிய மேஜை விளக்கு. நாங்கள் இரண்டு பேருமாகப் பெட்டியைப் பிரித்து, மேஜை ஓரத்தில் இறுக்கி, ஒயரைச் சுவரில் சொருகினோம். எரியவில்லை.

"பாத்தீங்களா? மட்டமான சரக்கத் தலைல கட்டிட்டாங்க," என்றேன். "விடக்கூடாது. இப்பவே எழுதறேன்."

ஸ்பேனர் என்னைத் தாண்டிக் கையை நீட்டிச் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டார்.